வெளியே வரும் வழி

சாவகச்சேரி ஆஸ்பத்திரியில் தடுப்பூசிக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்தவர் அவர். மடியில் பிள்ளை உறங்கிய பிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தார். கணினி வேலை என்றார்.

நாங்கள் சிலர் தடுப்பூசி நாளை நினைவூட்டும் இணையதளமொன்றை எழுதி, எவரும் எடுத்துத் திருத்தலாம் என்று திறந்துவிட்டிருந்தோம். அதைப் பயன்படுத்தும் தாய்மார் பெருகப் பெருக அது நின்றுநின்று போனது. எந்தப் பிள்ளையின் ஊசி தவறுமோ என்று எனக்குப் பயம். தளத்தைத் தங்கள் கணினிகளில் வைத்து நடத்தித் தருவதாகச் சொன்ன பெரிய கிளவுட் நிறுவனம் ஒன்றுக்கு அன்றே பதில் சொல்ல வேண்டும்.

"முதல் வருசம் சும்மா தருவினமாம்," என்று அந்த நிறுவனத்தின் பெயரையும் அவரிடம் சொன்னேன்.

"ஓம், தருவினம். எல்லாத்தையும் அவையின்ரை வசதிக்கேத்த மாதிரி எழுதிப்போட்டு, பிறகு வேறை இடத்துக்கு எப்பிடிப் போவியள்? வெளிய வாற வழியை முதல் பாருங்கோ."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அங்கைதான் வேலை செய்யிறன்," என்று சிரித்தார். பிள்ளையின் பெயரைக் கூப்பிட, எழுந்து போய்விட்டார்.

நாங்கள் விலகி வருவது எளிதான சிறிய நிறுவனம் ஒன்றின் சேவையை எடுத்தோம். அது சரிதானா என்று இன்றும் யோசிப்பேன். தன் நிறுவனத்தின் வாசல்வரை வந்தவளை அவர் ஏன் மறித்தார் என்பதைத்தான் அதைவிட அதிகம் யோசிக்கிறேன்.