மசக்கை என்று பேர் வைத்தார்கள்

கல்யாணமாகி வரிச்சிக்குடிக்கு வந்த முதல் வருஷமே என் மாமியார் எனக்கு மசக்கை என்று முடிவு கட்டிவிட்டார். காலையில் குமட்டல், எழுந்தால் தலைசுற்றல், ஊறுகாய் மேல் தீராத ஆசை. வேறென்ன வேண்டும்? வீட்டிலேயே சோதித்துப் பார்த்ததில் கர்ப்பமில்லை என்று ஒரு கோடுதான் வந்தது. இன்னும் நாள் பத்தாது என்று அதற்கும் சமாதானம் சொன்னார்.

உண்மையில் நான் ஏங்கியது ஊறுகாயின் புளிப்புக்கு அல்ல, உப்புக்கு. சமையல்கட்டில் ஆளில்லாத நேரம் கல்லுப்பை அள்ளி வாயில் போட்டுக்கொள்வேன். முகம் வேறு கறுத்துக்கொண்டே போனது. ஸ்கூட்டியில் காரைக்கால் ஆபீசுக்குப் போய்வருகிறவளை வெயில் சும்மா விடுமா என்றார்கள். துப்பட்டாவால் மூடிக்கொண்டு போனாலும் கறுத்தேன். எனக்கு வாய் ஜாஸ்தி. அந்த நாட்களில் எதிர்த்துப் பேசக்கூடத் தெம்பில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் காய்ச்சலோடு போய் ஆபீஸ் வாசலிலேயே சுருண்டு விழுந்தேன். ஆஸ்பத்திரியில் பிரஷர் அதலபாதாளத்தில் இருந்தது. தகவல் கேட்டு ஓடிவந்த மாமியார் மசக்கைக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க, டாக்டரம்மா என் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். ரேகையெல்லாம் மை தடவியது போலக் கறுப்பு.

“ரேகைக்குள்ள வெயிலால எப்படிங்க கறுக்கும்? இது மசக்கை இல்ல. இன்னும் விட்டிருந்தா உயிரே போயிருக்கும்” என்றார்.

உடனே ஊசி போட்டு, டிரிப்ஸ் ஏற்றினார்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எல்லாவற்றையும் விளக்கினார். சிறுநீரகத்தின் மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பி எனக்கு வேலை செய்யவில்லை. அதை எழுப்ப மூளைக்கு அடியிலிருக்கும் பிட்யூட்டரி ஒரு சின்னப் புரத ஹார்மோனை அனுப்பும். பிள்ளை எழுந்திருக்காவிட்டால் அம்மா குரலை உயர்த்துவாளே, அப்படி அது மேலும் மேலும் அனுப்பியிருக்கிறது. அளவுக்கு மீறிய அந்த ஹார்மோன்தான் என் தோலைக் கறுப்பாக்கியது. உப்பைப் பிடித்து வை என்று சொல்ல ஆஞ்சியோடென்சின் என்று இன்னொரு ஹார்மோன் உண்டு. அதற்கும் அட்ரீனல் அசையவில்லை. உப்பெல்லாம் சிறுநீரோடு போக, பிரஷரும் இறங்கிவிட்டது. ஆயுசு முழுக்க மாத்திரை, காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்டணும் என்றார். அப்பாடா, மாத்திரைதானே என்றிருந்தது எனக்கு.

மாமியார் தயங்கித் தயங்கி, அப்படியென்றால் குழந்தை என்று இழுத்தார். மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் அதற்கும் தடையில்லை என்றார் டாக்டர். மாமியார் முகம் மலர்ந்தது. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கோபப்படத் தெம்பு வந்துவிட்டதே என்று சந்தோஷமாகவும் இருந்தது.

“அத்தை, செத்துப் பொழச்சிருக்கேன். என்னைப் பத்தி ஒரு வார்த்தை கேளுங்களேன்.”

அவருக்கு முகம் தொங்கிப்போயிற்று. கட்டிலோரம் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உனக்கு என்னம்மா செய்யுது?”

அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.