நாத்தனாரின் ஓ குரூப்

ஷர்மினிக்குத் தன் புருஷன் கனகராஜின் உடம்பு மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் அறிவியலில் தட்டுத்தடுமாறித் தேறியவள்தான். ஆனால் கனகராஜின் இரண்டு கிட்னியும் போய், ஈப்போவில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனதும் நிலைமை மாறிவிட்டது. அந்த நிலையத்தில் தாதி கிருஷாந்தி நோயாளிகளின் குடும்பத்தாருக்கு வகுப்பு நடத்தினார். ஷர்மினி ஒரு வகுப்பைத் தவறவிடவில்லை. உட்காருவதும் எப்போதும் முதல் வரிசையில்தான்.

சுவரில் தொங்கிய மனித உடல் படத்தைத் தொட்டுக் காட்டி கிருஷாந்தி ஒவ்வொன்றாகச் சொன்னார். நுரையீரல் ரத்தத்தில் காற்றை ஏற்றுகிறது. குடல் சாப்பாட்டின் சாரத்தைச் சேர்க்கிறது. இதயம் அந்த ரத்தத்தை உச்சி முதல் பாதம் வரை தள்ளுகிறது. கழிவையும் மிச்சத் தண்ணீரையும் கிட்னி வடித்து வெளியே அனுப்புகிறது. இதில் எதுவும் தனிக்குடித்தனம் இல்லை, எல்லாம் கூட்டுக்குடும்பம். ஒன்று படுத்தால் மற்றதும் படுத்துவிடும்.

கனகராஜ் விஷயத்தில் அப்படித்தான் ஆனது. இருபது வருடம் பஸ் ஓட்டினான், ஒரு நாளும் ரத்த அழுத்தம் பார்த்ததில்லை. அந்த அழுத்தம் சத்தமில்லாமல் கிட்னியைத் தின்றது. கிட்னி போனதும் உடம்பில் ரத்தம் ஊறுவது குறைந்து சோகை பிடித்தது, எலும்பு பலமிழந்தது. வாழைப்பழமும் இளநீரும்கூட ஆகாது என்றார்கள். அவற்றிலிருக்கும் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கினால் இதயமே நின்றுபோகலாமாம். ஷர்மினி காய்களை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைத்தாள். அவன் ஒரு நாளைக்குக் குடிக்க வேண்டிய தண்ணீரைப் போத்தலில் கோடு போட்டு அளந்து கொடுத்தாள். யாராவது கேட்டால், “அவரு உடம்பு அவருக்கே தெரியாது, எனக்குத்தான் தெரியும்லா,” என்பாள். அதில் கொஞ்சம் கர்வம் இருந்தது. இருக்கட்டுமே, உழைத்தவளுக்குக் கர்வப்படவும் உரிமையில்லையா?

மாற்றுக் கிட்னி வைக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது முதலில் கையை நீட்டியவளும் அவள்தான். ஆனால் அவள் ரத்தம் பி, கனகராஜின் ரத்தம் ஓ. ஓ குரூப் எல்லோருக்கும் கொடுக்கும். வாங்குவது மட்டும் இன்னொரு ஓவிடம்தான். அந்த இன்னொரு ஓ, கனகராஜின் அக்கா காளியம்மா.

காளியம்மா தம்பியைவிட ஐந்து வயது மூத்தவள். தாப்பா டவுனைத் தாண்டி உள்ளே, ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டுவிட்ட பழைய தோட்டத்தில் தனியாக இருக்கிறாள். தம்பி படிக்கட்டும் என்று பதின்மூன்று வயதில் படிப்பை விட்டு, ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போனவள். கிட்னி வேண்டும் என்றதும், “ரெண்டு இருக்குல்ல, ஒண்ண எடுத்துக்கிட்டுப் போகட்டும்,” என்றாள். கத்தரிக்காய் கொடுப்பவள்கூட அதைவிட யோசிப்பாள்.

“தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க,” என்று அக்கம்பக்கத்தார் மெச்சினார்கள். அதைக் கேட்கக் கேட்க ஷர்மினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படியானால் இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்த இவள் யாராம்? பொறாமைதான், அதற்கு நாகரிகமாக வேறு பெயர் வைக்க வேண்டியதில்லை. இனி கனகராஜின் அடிவயிற்றுக்குள் ராத்திரி பகலாக அக்கா இருந்து ரத்தத்தைச் சுத்தம் செய்வாள். கோடு போட்ட போத்தலுடன் பெண்டாட்டி வெளியே நிற்பாள்.

காளியம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை நாள் வந்தது. அதற்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஷர்மினிக்குத்தான் போன் செய்தார்கள். பத்து மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது, வெறும் தண்ணீர் மட்டும் குடிக்கலாம் என்றார்கள். ராத்திரி தம்பி வீட்டில் தங்கச் சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கிய காளியம்மாவிடம் அவள், “காலையில சாப்பிடாம வரணும்க்கா,” என்று மட்டும் சொன்னாள். அதுவரை அவள் மனதில் கள்ளம் இல்லை.

விடிந்ததும் கனகராஜ் டயாலிசிஸுக்குக் கிளம்பிப் போய்விட்டான். காளியம்மா தலைக்குக் குளித்து, திருநீறு பூசி, தான் வாங்கி வந்த வாழைப்பழத்தை முருகன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். பிறகு பாலைக் காய்ச்சி இரண்டு கரண்டி சீனி போட்டுக் குடித்தாள், படைத்த பழத்தில் இரண்டு தின்றாள். அவளுக்குத் தெரிந்த சாப்பிடாமல் இருத்தல் விரதம்தான். தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் இருப்பவள். விரதத்தில் பாலும் பழமும் சாப்பாட்டுக் கணக்கில் சேராது.

ஷர்மினி அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள். பாலும் சீனியும் பழமும் அரை மணியில் ரத்தத்தில் போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியாதா? நோட்டில் எழுதியே வைத்திருந்தாள். வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு, “போலாமாக்கா?” என்றாள்.

பத்து மணிவாக்கில் டாக்டர் தனேஸ்வரன் இருவரையும் கூப்பிட்டார்.

“சீனி எட்டு புள்ளி ஆறு இருக்கு. சாப்பிடாம இருக்கிறவங்களுக்கு ஆறுக்குள்ள இருக்கணும், இது ரொம்ப அதிகம். காலையில ஏதாச்சும் சாப்பிட்டீங்களாம்மா?”

“இல்லீங்க டாக்டர், சுத்த விரதம்,” என்றாள் காளியம்மா. அவளறிய அது பொய் இல்லை.

“சர்க்கரை நோய் மாதிரி தெரியுது. அப்படி இருந்தா உங்ககிட்ட கிட்னி எடுக்க முடியாது. இன்னும் ஒரு டெஸ்ட் எடுக்கணும், அதுவரைக்கும் நிறுத்தி வைப்போம்.”

ஷர்மினிக்கு நெஞ்சு நிறைய சந்தோஷம் வந்தது. அதை மறைத்துப் பயனில்லை, வந்தது.

வெளியே நாற்காலியில் உட்கார்ந்ததும் காளியம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். “தம்பிக்கு நான் ஒண்ணுக்கும் ஆகாமப் போயிட்டேனே ஷர்மி. நீதான் எல்லாம் படிச்சவ, சொல்லு. சர்க்கரை வந்தா என்னா ஆகும்?”

ஷர்மினி வகுப்பில் படித்ததைச் சொல்லத் தொடங்கினாள். “சீனி ரத்தத்துலயே தங்கிரும்க்கா. சின்னச் சின்ன ரத்தக் குழாயெல்லாம் கெடும். கண்ணு மங்கும். நரம்பு செத்து, காலுல புண்ணு வந்தாக்கூட வலி தெரியாது. அப்புறம்…”

“அப்புறம்?”

அப்புறம் கிட்னி. அந்தச் சொல் வாயில் வரவில்லை. காளியம்மா வராத நோய்க்குப் பயந்து, செருப்பிலிருந்து காலை எடுத்துப் பாதத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே நேரத்தில் இரண்டு தெரு தள்ளி கனகராஜ் கையில் இரண்டு ஊசியோடு இயந்திரத்தின் பக்கத்தில் படுத்திருந்தான். ஷர்மினி எழுந்து கதவைத் தட்டாமலே டாக்டரிடம் போனாள்.

“டாக்டர், அவங்க சீனி போட்டுப் பால் குடிச்சாங்க. ரெண்டு பழமும் சாப்பிட்டாங்க. நான் பார்த்தேன்.”

டாக்டர் திட்டவில்லை. “நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வரச் சொல்லுங்க,” என்று வேறு தாள் எழுதிக் கொடுத்தார்.

காளியம்மா கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். பஸ் நிறுத்தத்தில்தான் கேட்டாள். “பாலு குடிக்கக்கூடாதுன்னு காலையிலயே உனக்குத் தெரியும்ல?”

“தெரியும்க்கா.”

“ஏன் சொல்லல?”

“என்னோடது அவருக்குச் சேரல. உங்களோடது சேருது. அது எனக்குத் தாங்கல.”

காளியம்மா டாக்டர் கொடுத்த தாளை வாங்கி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு, “தம்பிகிட்ட இதைச் சொல்லிறாத,” என்றாள். “தெரிஞ்சா இனிமே உன் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டான். நாந்தான் தெரியாமக் குடிச்சிட்டேன்னு சொல்லிக்கிறேன்.”

ஷர்மினி தலையை ஆட்டினாள். கிட்னி கொடுக்கப்போகிறவளும் காளியம்மாதான், இப்போது புருஷனைத் திருப்பிக் கொடுக்கிறவளும் அவள்தான். வெட்கத்தில் தலை நிமிர முடியாத அந்த நேரத்திலும் ஷர்மினிக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.