ஜன்னலில் வைத்த தூண்டில் நரம்பு

எழுநூறு மில்லி. நான்கு ஆண்டுகள் அந்த லிப்ட் மெக்கானிக்குக்கு ஒரு நாளைக்கு அனுமதிக்கப்பட்ட தண்ணீர் அவ்வளவுதான். மாத்திரை விழுங்குவதும் அதில்தான், நாக்கை நனைப்பதும் அதில்தான். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் மெஷினோடு படுத்து எழுந்த காலம் அது. இன்று அவர் தண்ணீர் குடிக்கும்போது எதுவும் பேச மாட்டார். டம்ளர் காலியாகிக் கீழே இறங்கிய பிறகுதான் அடுத்த வார்த்தை.

அந்தத் தண்ணீரைத் திருப்பித் தந்தவர் அவருடைய மனைவியின் தம்பி. பேக்கரி வேன் ஓட்டுகிறவர். தன் சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, "ஸ்டெப்னி இல்லாத வண்டி ஆயிட்டேன்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே சிரித்தவர். நோய் வருவதற்கு முன்னால் அத்தானும் மச்சானும் வாராவாரம் ஏரிக்கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அத்தான் படுத்ததும் மச்சானும் தூண்டிலைத் தொடவில்லை. கேட்டால், "தனியா உக்காந்தா மீன் என்னைப் பாத்துச் சிரிக்கும்" என்பார்.

ஆபரேஷன் முடிந்து ஓராண்டு ஓடிய பிறகு, தூண்டில் போடப் போகலாம் என்று டாக்டர் தலையசைத்தார். தொற்று வராமல் கையுறை போட வேண்டும். புழுவையும் மீனையும் மச்சான்தான் தொட வேண்டும். வெயில் ஏறுமுன் வீடு திரும்ப வேண்டும். மெக்கானிக் எல்லாவற்றுக்கும் சரி சொன்னார். அவர் மனதில் ஓடியது ஒன்றே ஒன்று: அந்த முதல் நாளில் மச்சான் கையில் ஒரு நல்ல மீன் ஏற வேண்டும். மச்சான் செய்ததற்குக் கைம்மாறு கிடையாது, அது அவருக்கே தெரியும். ஒரு காலைப் பொழுதையாவது குறையில்லாமல் கொடுக்கலாம். சிக்கிய மீன் பாதியில் அறுத்துக்கொண்டு ஓடினால் அதுவும் போச்சு.

வியாழக்கிழமை மாலை, ஜன்னல் விளிம்பில் இருந்த பழைய தூண்டில் ரீலை எடுத்துச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார். கடைசியாக இருவரும் சேர்ந்து பெரிய மீனை இழுத்தது அதில் சுற்றியிருந்த நரம்பில்தான். மச்சான் புது நரம்பு ஒரு சுருள் வாங்கி வந்திருந்தார். மெக்கானிக் அதைப் பிரிக்கவே இல்லை.

"இதுவே தாங்கும். ஒரு பொட்டு தூசி இருக்கா பாரு."

மனைவி மேஜையின் மறுமுனையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "கட்டடம் கட்டடமா ஏறி இறங்கி, ரோப்பை மாத்து மாத்துன்னு ஊரோட சண்டை போடற மனுஷன் பேசற பேச்சா இது?"

"அது ஆள் ஏறுற லிப்ட்டு."

"உபதேசமெல்லாம் ஊருக்குத்தான்னு சொல்லுங்க."

சோதித்துப் பார்க்காமல் விடுகிற ஆள் இல்லை அவர். நரம்பின் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டு, கை அறுபடாமல் துண்டைச் சுற்றிக்கொண்டு மெதுவாக இழுத்தார். பட்டென்று அறுந்து தெறித்தது. கொஞ்சம் உருவித் தள்ளிவிட்டு இன்னொரு முடிச்சுப் போட்டார். அதுவும் தெறித்தது. கண்ணாடி போல் இருக்க வேண்டிய நரம்பு கழுநீர் போல் மங்கிக் கிடந்தது. நகத்தால் வழித்தால் வெள்ளையாகப் பொடி ஒட்டியது.

"நம்ம வேன்ல விக்காம திரும்பி வர்ற ரொட்டியே தேவல அத்தான்," என்றார் மச்சான்.

"சும்மா கிடந்த நரம்பு இப்படி ஆகாதேடா."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அது சும்மா கிடக்கவில்லை. டயாலிசிஸ் முடிந்து துவண்டு படுக்கிற நாட்களில் கண் திறந்தால் தெரியட்டும் என்று, கட்டிலுக்கு நேர் எதிரே ஜன்னலில் மனைவிதான் அந்த ரீலை வைத்தார். தவறாமல் துடைத்தும் வைத்தார். காலை வெயில் தவறாமல் அதன்மேல் விழுந்தது. நைலான் நரம்புக்கு வெயிலைப் போல எமன் கிடையாது.

கத்தி நின்றது. "அப்போ நான்தான் கெடுத்தேனா?"

பழுதான லிப்டுக்கு ஒரு நாளும் 'நன்று' என்று எழுதிக் கொடுக்காத மனிதருக்கு வீட்டிலும் பொய் வராது. "கெடுத்தது வெயிலு. வச்சது நீ," என்றார். பிறகு நரம்பைப் பார்த்துக்கொண்டே, "அது எதிர்ல இல்லேன்னா நான் எதைப் பாத்து எந்திரிச்சிருப்பேன்? மெஷினைப் பாத்தா?"

மனைவி புறங்கையால் கண்ணைத் துடைத்தார். "வெங்காயம்," என்றார். பலகையில் இருந்தது கேரட்.

மச்சான் ஒரு துண்டு கேரட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

மெக்கானிக் மேலும் மேலும் உருவினார். மேஜை நிறைய நரம்பு சுருண்டது. ரீலின் அடிச்சுற்று வந்தபோது நிறம் மாறியது. வெயில் அங்கே எட்டவில்லை. நரம்பு பளிங்காக இருந்தது. முடிச்சுப் போட்டு இழுத்தார், தாங்கியது. மச்சானும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார், அப்போதும் தாங்கியது.

ஆனாலும் மெக்கானிக் கத்தரிக்கோலைத் தேடினார். "இதையும் கழிச்சிடுவோம்."

"ஏன் அத்தான், இதுக்கென்ன குறை?"

"ஒரு லிப்டை நாலஞ்சு ரோப்பு சேந்து தூக்கும். அதுல ஒண்ணு போனாலும் அத்தனையும் மாத்தணும். அதான் சட்டம்."

"அந்தச் சட்டப்படி உங்களையே கழிச்சிருக்கணும் அத்தான்," என்றார் மச்சான். "டாக்டர் உங்க பழசு ரெண்டையும் பிடுங்கியா போட்டாரு? அது பாட்டுக்கு உள்ள கிடக்கட்டும்னு விட்டுட்டு, என்னோடதை முன்பக்கமா வச்சுத் தச்சாரு. வேலை செய்யறது புதுசு. பழசுக்கு ஓய்வு."

"உன்னோடது புதுசா? நாப்பது வருஷம் ஓடினது."

"ஓடினதுதான். ஆனா ஒரே டிரைவர்."

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கத்தரிக்கோலை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

அடிச்சுற்று ரீலிலேயே தங்கியது. அதன் நுனியில் புது நரம்பை முடிந்தார்கள். மச்சான் சுருளைப் பென்சிலில் மாட்டிப் பிடித்துக்கொள்ள, மெக்கானிக் ஈரத்துணியால் நரம்பை அழுத்தியபடி சுற்றினார். சேர்த்த முடிச்சு அடியில் போய் மறைந்தது. அந்த ஏரி மீன் எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு ஓடினாலும் நரம்பு அந்த முடிச்சுவரை உருவி வராது. தெறித்த நரம்பைப் பறவைகளின் காலில் சிக்காதபடி மனைவி பொடிப்பொடியாக வெட்டிக் குப்பையில் சேர்த்தார்.

"மச்சான்..." என்று ஆரம்பித்தார் மெக்கானிக்.

"நன்றி கின்றின்னு ஏதாவது சொன்னீங்க, குடுத்ததைத் திருப்பி வாங்கிக்குவேன்."

மெக்கானிக் சொல்ல வந்ததை விட்டுவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்தார். குடித்து முடிக்கிற வரை யாரும் பேசவில்லை.

மனைவி ரீலைத் துடைத்து, கைப்பழக்கத்தில் ஜன்னல் வரை போய், திரும்பி வந்து அலமாரிக்குள் வைத்தார். ஞாயிறு விடியும்போது பேக்கரி வேன் வாசலுக்கு வரும். முதல் வீச்சு மச்சானுடையது.