எலைசாவின் தற்குறி

என் புருஷன் ஹோரஸ் டக்வெல் எட்டு வயதில் லண்டனிலிருந்து கப்பலேறி இந்த ஒன்டாரியோவுக்கு வந்தவர். கூடவே, ஏழைப்பிள்ளைகள் விடுதி ஒன்று பண்ணை வேலைக்கு அனுப்பிய நூறு பிள்ளைகள். அவர்களை இங்கே 'ஹோம் பையன்' என்பார்கள், நாயை விரட்டுகிற குரலில். ரயிலடியில் ஒரு பண்ணைக்காரன் அவர் தோளை அமுக்கிப் பார்த்து, மாடு கறக்கக் கூட்டிப்போனான். படுக்கை தொழுவத்து மச்சில்.

ஐம்பது வருஷம் அவரோடு குடித்தனம் செய்தேன். தன் தாயைப் பற்றி ஒரே தடவை வாய் திறந்தார். "கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா. விடுதியில சொன்னாங்க." அவ்வளவுதான். எங்கள் பிள்ளைகளில் எது அழுதாலும் முதலில் ஓடித் தூக்குவது அவர்தான். 'குடுத்துட்டா' என்ற அந்தச் சொல்லோடுதான் செத்தார்.

போன மார்ச்சில் மகள் வின்னி தடித்த உறையோடு வந்தாள். அவரை அனுப்பிவைத்த விடுதிக்கு எழுதி, பழைய பதிவுகளின் நகலை வாங்கியிருந்தாள். அவர் தாய் கொடுத்தாளா, இல்லையா? அதற்குள் இருக்கிறது.

"சத்தமா படிடி. உங்கம்மா தற்குறின்னு மறந்துட்டியா?"

முதலில் சம்மதப் பத்திரம். மகனைக் கனடாவுக்கு அனுப்பச் சம்மதம், எலைசா டக்வெல்.

வின்னி மூக்கை உறிஞ்சினாள். "குடுத்திருக்காம்மா. பெருக்கல் குறி இருக்கு. அவ அடையாளம்னு பக்கத்துல எழுதியிருக்கு."

பிறகு மூன்று கடிதங்கள். வருஷத்துக்கொன்றாக, பக்கத்து வீட்டார் யாரையோ எழுதச் சொல்லி அவள் விடுதிக்கு அனுப்பியவை. என் பையன் எந்த ஊரில் இருக்கிறான், காலுக்குப் பூட்ஸ் இருக்கிறதா. அவற்றில் ஒன்றுகூட ஹோரஸ் கைக்கு வரவில்லை.

"குடுத்துட்டு அப்புறம் ஏன் தேடறா? கீழே முத்தம் வேற. கடுதாசிக்கு ஒண்ணே ஒண்ணு, கஞ்சக் கிழவி!"

கடிதத்தின் முடிவில் முத்தத்துக்குப் பெருக்கல் குறி போடுவது இங்கே எல்லோருக்கும் வழக்கம்.

"விடுதி குமாஸ்தாவுக்கு எவடி முத்தம் குடுப்பா? அது கையெழுத்துடி. கொண்டா இங்கே."

நாலையும் மேசையில் வரிசையாக வைத்தேன். எழுத்தெல்லாம் எனக்கு எறும்பு ஊர்ந்த தடம்தான். ஆனால் அந்தக் குறியைப் படிக்கத் தெரியும். அறுபது வருஷமாக நானும் அதைத்தானே போடுகிறேன். கடிதங்களில் பேனாவைக் குத்தி நிறுத்தியிருந்தாள்; மை பொட்டாக ஊறி, ஒரு கோடு நீண்டு கோணியிருந்தது. மூன்றிலும் அதே கோணல். பத்திரத்தில் இருந்ததோ மெல்லிசாக, ஒரே வீச்சு.

"வின்னி, இது அவ போட்டதில்ல."

"ரெண்டே ரெண்டு கோடும்மா. அதுல என்ன கண்டே?"

"உன் மைப்பேனாவக் குடு."

மூச்சைப் பிடித்து, குத்தி, இழுத்தேன். பொட்டு ஊறியது. "இப்ப நீ போடு, டீச்சரம்மா." விசுக்கென்று போட்டாள். என்னுடையது கடிதங்களைப் போல இருந்தது. அவளுடையது பத்திரத்தைப் போல.

"எழுதத் தெரிஞ்ச எவனோ போட்டிருக்கான்மா," என்றாள்.

நான் அந்தக் கோணல் கோட்டின்மேல் விரலை வைத்தபடி இருந்தேன். எழுபது வருஷம், ஒரு சமுத்திரம். முகம் தெரியாத மாமியார் இத்தனையும் தாண்டி வந்து, எனக்கு மட்டும் புரிகிற பாஷையில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

பூட்ஸை மாட்டிக்கொண்டு, உருகும் பனியில் சர்ச்சுக்குப் பின்னாலிருக்கும் அவர் கல்லறைக்கு நடந்தேன்.

"யோவ் ஹோரஸ்," என்றேன் கல்லிடம். "உன்னை யாரும் குடுக்கலய்யா. மூணு வருஷம் தேடியிருக்கா."