பெரிய கேசட் கேமரா

ஷம்ஸியா கேமரா வாங்கப் போகிறாள் என்ற செய்தி, அவள் கடைக்குப் போகும் முன்பே மேலப்பாளையத்தில் இரண்டு தெருவைச் சுற்றி வந்துவிட்டது. மூக்கில் விரல் வைத்தவர்கள் உண்டு. கல்யாண வீட்டுப் பெண்கள் மட்டும் வைக்கவில்லை. அவர்களுக்கு நெடுநாளாக ஒரு குறை. வீடியோக்காரர் ஆண்கள் பக்கத்தில் பிரியாணிச் சட்டியைக்கூட விடாமல் எடுப்பார். பெண்கள் கூடியிருக்கும் அறைக்கு வந்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். மருதாணி, சந்தனம், பாட்டு, கேலி எல்லாம் அந்தக் கதவுக்கு உள்ளேதான். அதை ஒரு பெண் எடுத்துத் தந்தால் சரி, ஆனால் எந்த ஆணின் கண்ணிலும் அந்தப் படம் படக்கூடாது. அவர்கள் போட்ட நிபந்தனை அது ஒன்றுதான்.

சவுதியிலிருந்து ஒரேயடியாகத் திரும்பியிருந்த புருஷன் அலி அஸ்கரை எல்லோரும் எஸ்.டி.டி. பூத் வைக்கச் சொன்னார்கள். ஷம்ஸியா கேமராதான் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவன் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. கிளம்பு என்று மட்டும் சொன்னான்.

ஜங்ஷன் கடையில் நெல்லையப்பன் அண்ணாச்சி இரண்டு கேமராவை எடுத்து வைத்தார். ஒன்று உள்ளங்கையில் அடங்கியது. மற்றது தோளில் ஏற்றிப் பிடிக்கவேண்டிய தடியன்.

"பொம்பளையாளுக்குச் சின்னதுதான் தோது. பெருசு தோளை இறக்கிரும்," என்றார் அண்ணாச்சி.

அலி அஸ்கருக்கும் அதே எண்ணம். ஷம்ஸியாவுக்கும் சின்னதின் மேல்தான் ஆசை. கையில் எடுத்தவள், கேசட் போடும் மூடியைத் திறந்து பார்த்தாள். உள்ளே தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய இடம்தான் இருந்தது.

"இந்தக் கேசட்டு வீட்டு டெக்குல ஓடுமா அண்ணாச்சி?"

"ஓடாதும்மா. இங்கன கொண்டாந்து குடுத்தீங்கன்னா நம்ம பையங்க பெரிய கேசட்டுல ஏத்தித் தந்துருவானுவ."

"பையங்களா?"

"ஆமா. போட்டுப் பாத்து, நல்லா வந்ததை மட்டும் ஏத்துவானுவ."

ஷம்ஸியா சின்னதை மெதுவாகக் கீழே வைத்தாள். பெரியது, டிவியோடு இணைத்த வீட்டு டெக்கில் போடுகிற கேசட்டிலேயே நேராக எடுக்கும். எடுத்த கையோடு உருவி மணப்பெண்ணின் உம்மாவிடம் கொடுத்துவிடலாம். நடுவில் யார் கைக்கும் போகவேண்டாம். அவள் பெரியதைக் காட்டினாள்.

"தூக்கிருவியா?" என்றான் அலி அஸ்கர்.

"ரெண்டு புள்ளையையும் இடுப்புல தூக்கினவதான."

அண்ணாச்சி பெரியதற்கே பில் போட்டார்.

முதல் வேலை ஹமீது பீவி மகள் கல்யாணம். அலி அஸ்கர் கேமராப் பையைச் சுமந்து வந்து கதவருகே வைத்துவிட்டு ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்தான். முடிந்ததும், ஹமீது பீவி கையை நீட்டுவதற்கு முன்பே ஷம்ஸியா கேசட்டை உருவிக் கொடுத்தாள். திரும்பி வருகையில், "எப்படி வந்திருக்கு?" என்று அவன் கேட்டான். "நல்லா வந்திருக்கு," என்றாள். அதன் பிறகு வந்த கல்யாணங்களிலும் இதே கேள்வி, இதே பதில். அவன் காசில் வாங்கிய கேமராவில் அவள் எடுத்த படம் ஒன்றைக்கூட அவன் பார்த்ததில்லை. அவனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். கூட்டாளிகள் கிண்டல் செய்வார்கள். அவன் பிடி கொடுக்கமாட்டான்.

அடுத்த மழைக்காலத்தில் அவனுடைய உம்மா மௌத்தானாள். போட்டோ என்றாலே முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொள்ளும் மனுஷி. வீட்டில் அவள் படம் ஒன்றுகூடக் கிடையாது. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் போன பிறகு அலி அஸ்கர் மெல்லக் கேட்டான்.

"ஹமீது பீவி வீட்டு கேசட்டுல உம்மா இருக்காவளா?"

"இருக்காவ."

அவன் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நிபந்தனை அவனுக்கும் தெரியும். அவன் கேட்காமல் விட்டதுதான் ஷம்ஸியாவை அரித்தது.

கேமராவைத் தானே சுமந்துகொண்டு ஹமீது பீவி வீட்டுக்குப் போனாள். விஷயத்தைச் சொன்னதும் ஹமீது பீவி முகம் மாறியது. "ஏளா, எம் மக தலைத்துணி இல்லாம அதுல இருக்காள்லா. ஆம்பிளைக்கு எப்படிக் குடுக்க?"

"கேசட்டு உங்க வீட்டைவிட்டு வெளிய வரவேண்டாம் லாத்தா. டிவியில போடுங்க. முன்னால நின்னு மாமி முகத்தை மட்டும் எடுத்துக்கிடுதேன்."

ஹமீது பீவி யோசித்தாள். பிறகு எழுந்து போய் டெக்கைப் போட்டாள். உம்மா வந்த இடத்தில் ஷம்ஸியா கேமராவோடு டிவிக் கண்ணாடிக்கு வெகு அருகே போனாள். பக்கத்தில் இருந்தவர்கள் விலகி, அந்த ஒரு முகம் மட்டும் நின்றது. அது முடிந்த இடத்திலேயே பட்டனை அமுக்கி நிறுத்திவிட்டாள்.

வீட்டில் கேசட் ஓடியது. டிவியைப் பார்த்து எடுத்ததால் கறுப்புப் பட்டை ஒன்று திரையில் ஏறிக்கொண்டே இருந்தது. அதற்குப் பின்னால் உம்மா, முக்காடு நழுவ, பொக்கை வாயைத் திறந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து அலி அஸ்கர் கண்டதில்லை. அவன் சவுதியில் இருந்த வருஷங்களில் சிரித்திருப்பாளோ என்னவோ.

"யாரைப் பாத்து இப்படிச் சிரிக்குதாவ?"

"என்னையத்தான். கேமராவைத் தூக்க முடியாம நான் தள்ளாடுனேன்லா, அதைப் பாத்து."

அவன் எழுந்துபோய்க் கேசட்டை முதலிலிருந்து போட்டான்.