பழனி நடைக்கு நான் விழுங்கிய மாத்திரைகள்

போன வருடம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தபோது, பாதி வழியில் நான் சமையல் பாத்திரம் ஏற்றிய டெம்போவில் ஏறிவிட்டேன். என் மனைவி நடந்தே போனாள். மிச்சத் தூரம் முழுக்க ஒரு அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அவளுடைய பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். அடிவாரத்தில் அவள் வந்து பையை மட்டும் வாங்கிக்கொண்டாள். அதற்குத் திட்டியே தொலைத்திருக்கலாம்.

இந்த வருடம் அவளோடு அடிவாரம் வரை நடந்தே தீருவது என்று இருந்தேன். உள்ளுக்குள் பயம்தான். ஐம்பதைத் தாண்டியாயிற்று, நம் கதை இவ்வளவுதானோ என்று. அந்த நேரம் பார்த்து என் மச்சினன் ஆன்டி-ஆக்ஸிடன்ட் மாத்திரை டப்பாக்களோடு வந்து நின்றான். அதற்கு முன்பு தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்றவன்.

"நடந்தா உடம்புல ஃப்ரீ ராடிக்கல்னு ஒண்ணு கெளம்புதுங்க மாமா, இரும்புல துரு புடிக்கறாப்புல. இதப் போட்டீங்கன்னா வலியே தெரியாதுங்க."

வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். நான் கோழிப்பண்ணைக்காரன், நம்பிவிட்டேன். சித்திரை வெயிலில் கோழிகள் வாயைப் பிளந்து மூச்சிரைக்கும்போது தண்ணீரில் வைட்டமின் சி கலந்துவிடுவது எங்கள் வழக்கம். டப்பாவிலும் அதே வைட்டமின் சி என்றுதான் போட்டிருந்தது. கோழிக்குக் கேட்கிற மருந்து எனக்குக் கேட்காதா? காலையும் மாலையும் விழுங்கினேன். விடிந்ததும் ராசிபுரம் ரோட்டில் நடந்து பழகினேன். கால் வலித்தால் இன்னொன்றும் சேர்த்துப் போட்டேன். வாரக்கணக்கில் நடந்தும், முதல் நாள் நின்றுபோன அதே புளியமரத்தடியில்தான் மூச்சு வாங்கியது.

பொறுத்துப் பார்த்த மனைவி என்னை ராசிபுரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் நெஞ்சில் ஒயரை ஒட்டிப் படம் எடுத்துப் பார்த்தார். ரத்தம் பார்த்தார். நான் என் கோழி நியாயத்தை விளக்கினேன்.

"கோழி பழனிக்கு நடக்குதுங்களா?" என்றார்.

என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கோழிக்கு அந்த வெயிலத் தாண்டுனாப் போதுமுங்க. நீங்க உடம்பப் பழக்கறீங்க. நடந்தா அந்த ஃப்ரீ ராடிக்கல் கொஞ்சம் வரத்தான் செய்யும். அதையும் வெச்சுத்தான் உடம்பு பழகுது. இத்தனை மாத்திரையப் போட்டு அதை அமுக்குனா, பழகறதே மட்டுப்படலாம்னு சொல்றாங்க. எல்லாருக்கும் அப்படியான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா உங்களுக்கு இது தேவையில்லீங்க."

"அப்ப இந்த வலி?"

"புதுசா நடந்தா வலிக்காம என்னங்க பண்ணும்? நெஞ்சு வலிச்சா மட்டும் உடனே உக்காந்துருங்க. மத்தபடி இருதயம் நல்லா இருக்குது. தாராளமா நடங்க."

வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை நிம்மதி. நான் தேய்ந்து போகவில்லை, வெறும் கால்தான் வலித்திருக்கிறது. மாத்திரையை அன்றே நிறுத்தினேன். மார்கழி முடிவதற்குள் புளியமரம் பின்னால் போய்விட்டது. மாத்திரையை விட்டதாலா, விடாமல் நடந்ததாலா, எனக்குத் தெரியாது.

தை மாதம், காங்கேயம் தாண்டி, போன வருடம் நான் உட்கார்ந்துவிட்ட அதே இடம். டெம்போ எங்கள் பக்கத்தில் வந்து மெதுவானது. மனைவி ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஏனுங்க, காலு வலிக்குதுங்களா?"

"நல்லா வலிக்குது" என்றேன்.

அவள் தோளில் இருந்த பையை வாங்கி அந்த அண்டாவுக்குள் போட்டேன். "நீ போ சாமி, நாங்க நடந்தே வாரோம்" என்று டிரைவரிடம் சொன்னேன். அண்டா முன்னால் போயிற்று.