நான் அடிக்கச் சொன்ன வரி

இராஜபாளையத்துக்கு வெளியே ஒரு நூற்பாலையில் தொழிலாளர் நல அலுவலராக இருந்தேன். சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் நடுவில் பேசிச் சரிக்கட்டுவதுதான் வேலை. சங்க அறைக்குப் போனால் முதலாளி அனுப்பிய ஆள் என்பார்கள். மாடியில் நிர்வாக அலுவலகத்துக்குப் போனால் சங்கத்து ஆள் என்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. இரண்டு பக்கமும் திட்டுகிறார்கள் என்றால் நான் சரியாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் மில்லில் ஒரு வழக்கம். யார் தப்புச் செய்தாலும் ஒரு மன்னிப்புக் கடிதம். பெரும்பாலும் வாசகம் நான் சொல்வதுதான். பழைய முதலாளி அதை வாங்கிப் படிக்காமலே இழுப்பறையில் போட்டுவிட்டு, "போய் வேலையப் பாருங்க" என்பார். அத்தோடு முடிந்தது. அப்படி நூறு கடிதமாவது எழுத வைத்திருப்பேன். அவருக்குப் பின் மகன் பொறுப்புக்கு வந்து, கோயம்புத்தூரிலிருந்து ஒரு மேலாளரை அழைத்து வந்தார். ஆள் மாறியதைப் பார்த்தேன். வழக்கமும் மாறியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கூமாப்பட்டியிலிருந்து மில் பஸ்ஸில் வரும் ஒரு பெண். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். நூலைக் கோன் என்கிற கூம்புக் குழலில் சுற்றும் பிரிவில் வேலை. எந்த ரக நூல் என்பதைக் கோனின் நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். ஒருநாள் பச்சைக் கோன் தீர்ந்துபோக, சூப்பர்வைசர் வேறு ரகத்துக்கான ரோஸ் கோனில் ஓட்டச் சொல்லியிருக்கிறார். அவளும் ஓட்டினாள். இரண்டு ரகமும் கலந்து வெளியே போய், துணியில் வரிவரியாகத் தெரிந்து, சரக்கு திரும்பி வந்தது. அவளைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

சங்கச் செயலாளரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் அவளிடம், "தப்ப ஒத்துக்கிட்டு எதையும் எழுதிக் குடுத்துராத தாயி" என்று சொல்லியிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. பாய்க்குச் சண்டை போடத் தெரியும், காரியம் முடிக்கத் தெரியுமா என்று நினைத்தேன். அவளைக் கூப்பிட்டு எழுதச் சொன்னேன்.

அவளே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். மூன்றாவது வரியில், சூப்பர்வைசர் சொன்னதால்தான் ரோஸ் கோன் போட்டேன் என்று இருந்தது.

"இந்த வரிய அடிச்சிரும்மா. அவர இழுத்தா முறுக்கிக்கிடுவாரு. மன்னிப்ப மட்டும் கேளு. பத்து நாள்ல உள்ள இருப்ப."

"நெசமாவா சார்?"

"நான் இருக்கேம்லா?"

அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்கட்டும் என்று வேறு தாளில் எழுத வைத்தேன். முதல் தாளை நானே கிழித்துக் கூடையில் போட்டேன். மேலாளர் புதுக் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுக் கோப்பில் வைத்தார். எவ்வளவு அக்கறையாகப் படிக்கிறார் என்று சந்தோஷப்பட்ட முட்டாள் நான்.

குற்றத்தை அவளே ஒப்புக்கொண்டதால் பணிநீக்கம் என்று உத்தரவு வந்தது. சங்கம் தொழிலாளர் துறைக்கு மனுப் போட்டது. நான் மேலாளரிடம் ஓடினேன். நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"அந்த மொதக் கடிதம் இருக்குங்களா?"

"கிழிச்சிட்டேன்."

"சூப்பர்வைசர் அப்படிச் சொல்லவே இல்லைங்கறார். பேச்சுவார்த்தைல வந்து நீங்க இதச் சொல்றதா இருந்தா, ராஜினாமாவையும் எழுதிக் குடுத்துருங்க."

அதட்டவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதற்குப் பிறகு அவர் அறைக்கு என்னைக் கூப்பிடுவது நின்றுபோனது.

தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூரில் சமரசப் பேச்சுவார்த்தை நடந்தது. நான் நிர்வாகத்தின் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அதிகாரி கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளிடம் கேட்டார்: "சூப்பர்வைசர் சொன்னார்னா இதுல ஏம்மா எழுதல?"

பாய் அவள் பக்கம் குனிந்தார். "எழுத வேணாம்னு யாரும் சொன்னாகளா? பயப்படாமச் சொல்லு தாயி."

அவள் என்னைப் பார்த்தாள். அவள் சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவள் சொன்னால் ஆமாம் என்று தலையாட்டுகிற அளவுக்குத் தைரியம் எனக்கு இருந்தது. நானாக எழுந்து சொல்கிற அளவுக்கு இல்லை.

"யாரும் சொல்லல சார். எனக்குத்தான் எழுதத் தோணல."

பேச்சுவார்த்தை முறிந்தது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். பாய் முகம் கொடுக்காமல் இறங்கிப் போனார். படிக்கட்டின் கீழே அவளைப் பிடித்து, "ஏம்மா என்னயச் சொல்லல?" என்று கேட்டேன்.

"ஒங்களச் சொல்லிருந்தா ஒங்களயும் அனுப்பிருவாகல்ல? பொறவு எனக்காக உள்ள பேச யாரு சார் இருக்கா? எம்புட்டு நாளானாலும் சரி, நீங்க மேனேஜர்ட்டப் பேசி வாங்கிக் குடுத்துருவீக."

மேலாளர் என் முகத்தைப் பார்த்துப் பேசியே ஒரு மாதம் ஆகிவிட்டது என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

"பேசுதேம்மா" என்றேன்.